ஆளுக்கொரு டயர்

அத்தியாயம் 6

செர்வாவுக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். போலீஸ் ஸ்டேஷன் பின்கட்டில், நசுங்கிக் கிடந்த ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேனின் முன்னால் குந்தியிருந்த அவள் பேசியது, பக்கத்தில் நின்ற நார்ட்டேக்கே பாதிதான் கேட்டது.

"என்ன மேடம்?"

"இந்த அநியாயத்தைப் பாத்தியான்னு கேட்டேன்."

"பாத்தேன். பின் கண்ணாடியில 'கடவுள் பார்த்துக்கொள்வார்'னு பெயிண்ட்ல எழுதியிருக்கு. டயரை யாரு பாத்துக்கணும்னுதான் எழுதாம விட்டுட்டாங்க."

செர்வா சிரிக்கவில்லை. குமாசி நகரத்தில் வருடக்கணக்கில் டிராஃபிக் போலீசாக இருந்து, மேலதிகாரியின் மேஜையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள் அவள். அந்த ஆபீசின் மொத்த ஊழியர், டிரைவர், வாயாடி எல்லாம் நார்ட்டே ஒருவன்தான்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மழையில், எஜிசு சாலை வளைவில், பாஃபோ ஓட்டிய இந்த வேன் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. ஓரத்தில் வாழைக்காய் சுட்டு விற்றவள் ஒருத்தியும், வேனில் சாவு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வாத்தியார் ஒருவரும் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்டீயரிங் மாசக்கணக்காக வலது பக்கம் இழுக்கிறது, முதலாளி அட்டகோராவிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, 'இறுக்கிப் பிடிச்சு ஓட்டு' என்பதுதான் அவர் பதில் என்று பாஃபோ அழுதான். வண்டியில் கோளாறே இல்லை, டிரைவர் தூங்கிவிட்டான் என்று இன்ஸ்பெக்டர் குவைக்கோ எழுதினார். நாளைக் காலை கோர்ட். பாஃபோவின் மனைவி மான்சா செர்வாவைத் தேடி வந்தது நேற்று.

குவைக்கோ பல் குத்திக்கொண்டே பின்கட்டுக்கு வந்தார்.

"இன்னும் முடியலையா, செர்வா?"

"முன் சக்கரம் ரெண்டும் கோணிக்கிட்டு நிக்குது. இதுக்கு என்ன எழுதினீங்க?"

"மரத்துல போய் முட்டினா கோணாம, கும்பிடவா செய்யும்?"

"பாஃபோவோட இடது தோளைப் பாத்தீங்களா? வீங்கியிருக்கு. வலது பக்கம் இழுக்கிற வண்டியை நாள் முழுக்க இடது பக்கம் இழுத்துப் பிடிச்ச தோள் அது."

"லாக்கப்புல யாருக்குத்தான் தோள் வீங்காது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். செர்வா பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த ஆள் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. வீல் அலைன்மென்ட் முன்பே கெட்டிருந்ததா, மரத்தில் மோதியபோது கெட்டதா என்று கோணிய சக்கரம் சொல்லாது. ஒரு கம்பி ஒரு நொடியில் வளைந்துவிடும். டயர் தேய்வதற்குத்தான் மாதங்கள் ஆகும். ஆகவே டயர்தான் சாட்சி. இங்கே இருந்த நான்கு டயர்களிலும் ரப்பர் தடிமனாக இருந்தது.

அவள் வலது முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். பிறகு இடது முன் டயர். பிறகு சக்கரத்துக்கு மேலே இருந்த தகரம். எழுந்தபோது அவள் குரல் இன்னும் இறங்கியிருந்தது.

"நார்ட்டே, கோணல் வண்டின்னா முன் டயர் ரெண்டும் ஒரே மாதிரி ஓரத்துல தேயணும். நேர் வண்டின்னா ரெண்டும் சமமா தேயணும். இதுல வலது டயர் லேசா ஓரத்துல தேஞ்சிருக்கு, இடது லேசா நடுவுல தேஞ்சிருக்கு. அப்ப இந்த வண்டி என்ன வண்டி?"

"பாதி நேர், பாதி கோணல். நம்ம இன்ஸ்பெக்டர் மாதிரி."

"மேலே தகரம் பூரா செம்மண் சேறு அப்பிக் காஞ்சிருக்கு. சக்கரத்துல ஒரு பொட்டு சேறு இல்லை. சேத்துல இறங்கினது வண்டி மட்டும்தானா? இது இந்த வண்டியோட சக்கரமே இல்லைடா. மாத்திட்டாங்க."

நார்ட்டே வேனுக்குள் தலையை நீட்டினான். "மேடம், இங்க மூணு தீயணைப்பு சிலிண்டர் இருக்கு. ஏரோப்ளேன்ல கூட இத்தனை இருக்காது."

அதைக் கேட்கிற நிலையில் அவள் இல்லை. டயரை மாற்றினால் யாருக்கு லாபம்? முதலாளிக்கு. அவள் ஏற்கெனவே காரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

அட்டகோரா தன் வீட்டு முற்றத்தில், மாமரத்தடியில் உட்கார்ந்து, கிழங்கை இடித்து உருட்டிய ஃபுஃபு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்டுக்கறிக் குழம்பில் விரல்கள் மூழ்கியிருந்தன. சுற்றிலும் அவருடைய மற்ற வேன்கள். செர்வாவைப் பார்த்ததும் வழக்கப்படி, "வாங்க, கை நனைங்க" என்றார்.

"நான் சாப்பிட வரலை. சனிக்கிழமை வேன் ரோட்டோரம் கிடந்தப்ப நாலு சக்கரத்தையும் மாத்தினது நீங்கதானே? ரெண்டு உயிர் போயிருக்கு. அந்த ரத்தம் காயறதுக்குள்ள எப்படிங்க மனசு வந்துச்சு?"

அவர் அவசரப்படாமல் ஒரு கவளத்தை விழுங்கினார். "என் டயரைப் பாத்திருக்கியாம்மா நீ?"

"அதைத்தான் இப்ப..."

"அதோ அந்த வேன்ல பாரு. வெளிப்பக்கம்."

செர்வா திரும்பினாள். பக்கத்து வேனின் டயரில், வெளிப்பக்கச் சுவரில், விரல் நீளத்துக்கு மூன்று கோடுகள் சுட்டுப் போடப்பட்டிருந்தன. அடுத்த சக்கரத்திலும் மூன்று கோடு. அடுத்த வேனிலும்.

"டிரைவருங்க நல்ல டயரை வித்துட்டு மொட்டை டயரை மாட்டிட்டு வருவானுங்க. அதனால என் டயர் ஒவ்வொண்ணுக்கும் நானே சூடு போடுவேன். வெளிப்பக்கம் மட்டும், தூரத்துல நின்னே தெரியற மாதிரி. அந்த இரும்பை என் மகன் கையில கூட குடுக்க மாட்டேன். டயரைக் கழட்டறது, திருப்பறது எதுவா இருந்தாலும் இந்த முற்றத்துல, என் கண்ணு முன்னாடி." அவர் விரலை நக்கிக்கொண்டார். "ஸ்டேஷன்ல இருக்கிற டயர்ல என் கோடு இருக்கா?"

இல்லை. அவள் கை தடவிய எந்த டயரிலும் சூட்டுக் கோடு இல்லை. சாட்சியை ஜோடிக்க நினைக்கிறவர், தன் கோடு போட்ட நல்ல டயரையல்லவா மாட்டியிருப்பார்?

"அப்ப அது உங்க டயர் இல்லைன்னு தெரிஞ்சே போலீஸ்ல சும்மா இருந்தீங்க."

"டயர் நல்லா இருக்குன்னு அவங்களே எழுதினாங்க. நான் எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்?"

செர்வா ஓரடி முன்னால் வந்தாள். அந்தக் குழம்புச் சட்டியை எடுத்து அவர் மடியில் கவிழ்த்துவிடலாம் என்று நினைத்தாள். அவள் நினைத்ததை எப்படியோ புரிந்துகொண்ட நார்ட்டே, அவள் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

காரில் ஏறிக் கதவை அறைந்தாள். கதவு திரும்பித் திறந்துகொண்டது. இன்னொரு தரம் அறைந்தாள்.

"மேடம், கதவு என்ன தப்பு செஞ்சுது?"

"தப்பு செஞ்சது நான். யாருக்கு லாபம்னு கணக்குப் போட்டேன். லாபத்துக்காகச் செஞ்ச வேலை இல்லைடா இது." அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "எத்தனை தீயணைப்பு சிலிண்டர்னு சொன்னே?"

"மூணு."

டிராஃபிக்கில் இருந்த காலத்தில், அடியில் நசுங்கிய அதே சிவப்பு சிலிண்டரை எத்தனையோ விபத்துகளில், எத்தனையோ வண்டிகளில் அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வண்டி கவிழ்ந்தது என்று தெரிந்தால் போதும். போலீஸ் ஜீப்புக்கு டீசல் கிடைத்து அது கிளம்புவதற்குள், பின்னால் வருகிற டிரைவர்கள் நிறுத்துவார்கள். ஒருவன் தன் சிலிண்டரைக் கொடுப்பான், ஒருவன் எச்சரிக்கை முக்கோணத்தைக் கொடுப்பான். வண்டியில் எது குறைந்தாலும் மாட்டிக்கொள்வது டிரைவர்தான் என்பது டிரைவர்களுக்குத்தானே தெரியும்.

"வேன் ஸ்டாண்டுக்கு விடு," என்றாள் செர்வா. "ஐயோ, இந்த நல்லவங்க இருக்காங்களே."

ஸ்டாண்டில் வேன்கள் வரிசையாக நின்றன. செர்வா அவற்றின் வயிற்றுக்குக் கீழே மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு வேனில் மூன்று சக்கரம் சுமார், ஒன்று முட்டை மாதிரி மொட்டை. இரண்டு வேன் தள்ளி இன்னொன்று, அதேபோல. அப்புறம் ஒன்று. கடைசியில் ஒன்று.

"நாலு வேன்," என்றான் நார்ட்டே. "ஆளுக்கொரு சக்கரத்தைக் கழட்டிக் குடுத்துட்டு, எல்லாம் ஸ்டெப்னியில ஓடிக்கிட்டிருக்கு. கல்யாணத்துக்கு நகை இரவல் குடுப்பாங்க, பாத்திருக்கேன். சக்கரத்தை இப்பத்தான் பாக்குறேன்."

கடைசி வேனின் நிழலில் மான்சா வாச்சே விற்றுக்கொண்டிருந்தாள். சோறும் பயறும் இலையில் வைத்துக் கொண்டிருந்த கை செர்வாவைப் பார்த்ததும் நின்றது.

"ஆன்ட்டி, அவரை விட்டுட்டாங்களா?"

"எப்படி விடுவாங்க? நேத்து என்கிட்ட வந்து என்ன சொன்னே? 'டயரைப் பாக்க வேண்டாம் ஆன்ட்டி, டயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு'ன்னே. உன் புருஷன் ஸ்டீயரிங்னு அழறான், நீ டயருக்கு நற்சான்று குடுக்கறே. அப்பவே என் புத்திக்கு எட்டியிருக்கணும்."

மான்சாவின் முகத்தில் ஈயாடவில்லை. வேனுக்குப் பின்னாலிருந்து கிழட்டு டிரைவர் போன்சு வந்தார்.

"அவளைத் திட்டாதம்மா. அவ கேட்டா, நாங்க மாட்டினோம். மொட்டை டயரோட பிடிச்சா டிரைவரைத்தானே உள்ளே தள்ளுவாங்க? காப்பாத்தலாம்னுதான்..."

"காப்பாத்தினீங்க, நல்லா காப்பாத்தினீங்க." செர்வாவின் குரல் இப்போது காற்றாகத்தான் வந்தது. "வண்டி கோணல்னு அவன் சொல்றதுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் தேஞ்ச டயர்தான். மழைத் தண்ணியை வெளியே தள்ள அதுல வரியே இல்லை, வண்டி வழுக்கிச்சுன்னு அது சொல்லியிருக்கும். அதைக் கழட்டிட்டு, வண்டி தங்கம், டிரைவர்தான் தூங்குமூஞ்சின்னு நீங்களே ஜோடிச்சுக் குடுத்துட்டீங்க. அட்டகோரா கூட இவ்வளவு அழகா செஞ்சிருக்க மாட்டான். உங்க இரக்கத்துல இடி விழ."

வாச்சே வாங்க வந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"பழைய டயர் எங்க?"

போன்சு தரையைப் பார்த்தார். "ரிம் மட்டும் வச்சிக்கிட்டோம். டயரை ஆட்டுக்காரங்ககிட்ட போட்டுட்டோம்மா. ஆடு வாட்டறதுக்கு."

சந்தைக்குப் பின்னால், ஆட்டு மயிர் பொசுக்கும் இடத்தின் கரும்புகை தூரத்திலிருந்தே தெரிந்தது. விறகுக்கு வழியில்லாதவர்கள் டயரைக் கொளுத்தித்தான் ஆட்டை வாட்டுவார்கள். நகராட்சி தடை போட்டிருக்கிறது. தடை போட்டவர்களும் அந்தக் கறியைத்தான் தின்கிறார்கள்.

அலாசான் என்கிற நெடிய ஆள், கம்பியில் கோத்த ஆட்டை நெருப்புக்கு மேல் திருப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நெருப்புக்குக் காத்திருந்த டயர்கள் குவிந்து கிடந்தன. செர்வா மூக்கைப் பொத்திக்கொண்டு குவியலைக் கலைத்தாள். மூன்று கோடு எதிலும் இல்லை.

"மேடம்," என்றான் நார்ட்டே. "நெருப்புக்குள்ள பாருங்க."

எரிகிற டயர்களுக்கு நடுவே சாம்பலும் கம்பி வளையங்களுமாகக் கிடந்தன. ஓரத்தில் சாய்ந்திருந்த ஒன்றில் மட்டும் இன்னும் தீ முழுதாகப் பற்றவில்லை. அதன் சுவரில் மூன்று கோடு.

நார்ட்டே ஒரு கொக்கியை எடுத்து டயரை வெளியே இழுத்தான். அலாசான் கொக்கியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"சாவு வீட்டு ஆடு இது. பாதியில நெருப்பு அணைஞ்சா நீ வந்து படுத்துக்குவியா?"

"என் உடம்புல அவ்வளவு கறி இல்லை, பிரதர்."

"டயருக்கு டயர் வை. அப்புறம் எடு."

செர்வா கார் டிக்கியைக் காட்டினாள். நார்ட்டே முனகிக்கொண்டே ஸ்டெப்னியை எடுத்து, ரிம்மிலிருந்து பிரித்துப் போட்டான். அலாசான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல எரியறதுக்கு என்ன இருக்கு? துப்பறியறவங்க இந்த டயரையா வச்சிக்கிட்டுச் சுத்தறீங்க?"

"அடுத்தவங்க டயரைப் பாத்துப் பாத்தே நேரம் போயிடுது," என்றான் நார்ட்டே.

மண்ணை அள்ளிப் போட்டு அணைத்த பிறகு செர்வா அந்த டயரைப் பார்த்தாள். உள் ஓரம் கம்பி தெரியும் வரை தின்னப்பட்டிருந்தது. வெளி ஓரமும் அதேபோல. நடுவில் மட்டும் ஒரு பட்டை ரப்பர் நின்றது.

அவள் டயரைப் புரட்டிப் போட்டாள். மறுபக்கச் சுவரையும் கையால் துடைத்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"படுபாவி," என்றாள். "தெரிஞ்சே செஞ்சிருக்கான்."

அரைமணிக்குள் குவைக்கோவின் மேஜை மேல் டயர் இருந்தது. எதிரே, ஆளனுப்பி வரவழைக்கப்பட்ட அட்டகோரா சாப்பாட்டுக் களைப்போடு உட்கார்ந்திருந்தார். சுவரோரம் மான்சா நின்றாள்.

"காத்து கம்மியா வச்சு ஓட்டினாலும் ரெண்டு ஓரமும் தேயும்," என்றார் குவைக்கோ. "இதுல என்ன புதுசு?"

"அப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். கோட்டைப் பாருங்க. மூணு கோடு. இவர் வெளிப்பக்கம் மட்டும்தான் சூடு போடுவார், அவரே சொன்னார்." செர்வா டயரைப் புரட்டினாள். "இங்கயும் மூணு கோடு. ஒரு டயருக்கு ரெண்டு வெளிப்பக்கம் எப்படி வந்துச்சு?"

குவைக்கோ பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"கோணல் சக்கரம் முதல்ல உள் ஓரத்தைத் தின்னுச்சு. பாஃபோ வந்து சொல்லியிருக்கான். இவர் பாத்திருக்கார். சக்கரத்தை நேராக்கலை. டயரை ரிம்முல திருப்பிப் போட்டுட்டார். தேஞ்ச ஓரம் வெளியே வந்துச்சு, நல்ல ஓரம் உள்ளே போச்சு. கூடவே இவர் கோடும் உள்ளே போயிடுச்சு. அதனால புது வெளிப்பக்கத்துல இன்னொரு தரம் சூடு போட்டார். கோணல் சக்கரம் அந்த ஓரத்தையும் தின்னுச்சு. இரும்பு இவர் கையை விட்டுப் போகாது. திருப்பினதும் இவர், தெரிஞ்சிருந்ததும் இவர். வாழைக்காய் வித்தவளைக் கொன்னது தூக்கம் இல்லை, இன்ஸ்பெக்டர்."

அட்டகோராவின் களைப்பு போய்விட்டது. இருந்தாலும் அவர் லேசில் விழுகிற ஆள் இல்லை.

"என் டயர்தான். ஒத்துக்கறேன். எங்கிட்ட எத்தனையோ வேன். எதுலயோ கழிச்சுப் போட்ட டயரை நெருப்புல பொறுக்கிட்டு வந்து என் தலையில கட்டறா. இது அந்த வேன்ல இருந்துச்சுன்னு யார் பாத்தா?"

குவைக்கோ செர்வாவைப் பார்த்தார். "அது நியாயமான கேள்வி. இதை அந்த வண்டியிலிருந்து கழட்டினது யாரு?"

செர்வா டயரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பதில் சொல்ல வேண்டியது அவள் இல்லை. சொல்கிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். தடயத்தைக் கலைத்ததாக எத்தனையோ பேர் மேல் அவளே கேஸ் எழுதியிருக்கிறாள். அதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"நான்தான் கழட்டச் சொன்னேன்," என்றாள் மான்சா. "எழுதிக்குங்க."

"தடயத்தைக் கலைச்சேன்னு எழுதினா உன்னை உள்ளே வைக்கணும், தெரியுமா?"

"தெரியும். எழுதுங்க."

"டிரைவர் பொண்டாட்டி வேற என்ன சொல்லுவா?" என்றார் அட்டகோரா. "கோர்ட்ல இதைக் கேட்டுச் சிரிப்பாங்க."

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். போன்சு தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். இங்கே வரச்சொல்லி அவரை யாரும் கூப்பிடவில்லை.

"வலது முன் சக்கரம் நான் கழட்டினேன், ஐயா. இது அந்த டயர்தான். உங்க பின்கட்டுல அந்த இடத்துல மாட்டியிருக்கிறது என்னோடது. ஓரம் தேஞ்சிருக்கும், பாத்துக்குங்க. என் வண்டியும் கோணல்தான்."

அவருக்குப் பின்னால் இன்னொருவன். "இடது முன்னாடி என்னுது. நடுவுல தேஞ்சது."

"பின்னாடி இடது."

"இன்னொண்ணு நான், ஐயா."

குவைக்கோ பல்குச்சியைக் கீழே போட்டார். பிறகு பேப்பரை இழுத்து எழுதத் தொடங்கினார். அட்டகோரா சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"எங்க கிளம்பறீங்க?" தலையைத் தூக்காமலே கேட்டார் குவைக்கோ. "உங்க பேரைத்தான் முதல்ல எழுதிக்கிட்டிருக்கேன். உக்காருங்க."

லாக்கப் கதவைத் திறந்து பாஃபோவை வெளியே விட்டார்கள். இடது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவன், அதே கதவில் மான்சா உள்ளே போவதைப் பார்த்து நின்றுவிட்டான். பின்னாலேயே போன்சு, மற்ற மூன்று பேர். அவனுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் குரல் உயர்ந்தது.

"ஊர்ல எல்லார்கிட்டயும் போய்ச் சக்கரம் கேட்டியே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? 'ஸ்டீயரிங் இழுக்குது, ஸ்டீயரிங் இழுக்குது'ன்னு ராத்திரி பகலா உன்கிட்ட புலம்பினேனே. நீயுமா என்னை நம்பலை?"

போலீஸ்காரன் கதவைச் சாத்தினான். மான்சா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெளியே பெஞ்சுல சாப்பாடு வச்சிருக்கேன்," என்றாள். "முதல்ல சாப்பிடு. அப்புறமா வந்து திட்டு."